இரண்டாம் பாகம்

சௌராஸ்தா மார்க்கெட் மாடியில்,
ஜாதிக்காய் ஊறுகாய் வாசம் ஏறிவரும் படிக்குப் பக்கத்துக் கடையில்
ஆறு ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.
மூன்று பாக நாவலில் நடுப்பாகம் மட்டும்.
தலையும் இல்லை வாலும் இல்லை, அதனால்தான் இந்த விலை
என்றார் ஜபருல்லா.
முதுகுத் தோல் உரிந்து
கிரேலி என்ற பெயரில் பாதி எஞ்சியிருந்தது.

கிரேலி என்று ஆள் யாரும் கிடையாது.
பின்னட்டைக்குள் எவரோ ஒட்டிவைத்த பத்திரிகைத் துண்டு சொல்கிறது:
லவினியா தோர்ன்கிராஃப்ட். பாதிரியார் மகள்.
பதினொரு நாவல்.
ஆண் பெயரில் ஒன்பது, தன் பெயரில் இரண்டு.
தன் பெயரில் வந்தவை விற்கவில்லை.
இந்த நாவலுக்கு ஐம்பது பவுன் தந்து
உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார் பதிப்பாளர்.
ஏழு பதிப்பு போயிற்று.
ஒரே தம்பி. பினாங்கில், காய்ச்சலில்.
வாரிசு இல்லை.
மொத்தம் பத்தொன்பது வரி. எண்ணிப் பார்த்தேன்;
எண்ணுவது என் வேலை.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
நுண்ணோக்கியின் கீழே
தலைமுடியைவிட மெலிந்த தங்கக் கம்பி
எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பேன்.
பதினாறு வருஷம் பார்த்துப் பார்த்து
எதைப் படித்தாலும்
விட்டுப்போன இடத்தில்தான் கண் போய் நிற்கிறது.

கம்பெனி பஸ் பட்டர்வொர்த்தை விட்டுப் பாலமேறும்.
நோர்ஹயாதி என் தோளில் தூங்குவாள்.
விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து
ஒரு வரி, ஒரு வரி எனக் காட்டிவிட்டுப் போகும்.

இருநூற்றுப் பதினோராம் பக்கம்.
கப்பல் தூரத்தில் நிற்கிறது. அலை பெரிது.
மில்லிசென்ட், உள்பாவாடையில் உயிலைத் தைத்துக்கொண்டு
கரைக்கு வர வேண்டும்.
ஒரு படகோட்டி வருகிறான்.
எங்களை அவர்கள் அழைத்த அந்தச் சொல்லால் அழைக்கிறாள்
(அதை நான் எழுத மாட்டேன்).
கறுப்பு. மௌனம். பளீரென்ற பல்.
மூன்றே வாக்கியம்.
அடுத்து அவள் கால் மணலில் படுகிறது.
வேலியோரத்துப் பூ ஒன்றுக்கு ஒன்றரைப் பக்கம்.

லவினியா இந்தக் கடலைப் பார்த்ததில்லை.
தம்பியின் கடிதங்களில் பார்த்திருப்பாள்.
பதிப்பாளருக்கு மூன்று பாகம் வேண்டும்,
வாடகை நூலகம் மூன்று தடவை காசு வாங்கும்.
கதையோ இரண்டுக்குத்தான் காணும்.
ஆகவே ஒரு புயல், ஒரு போலி உயில்,
பக்கம் நிரப்ப ஒரு தமிழன்.
விரல் மரத்த குளிரில்
மெழுகுவர்த்திச் செலவைக் கணக்குப் பார்த்தபடி
எழுதியிருப்பாள் என்று நினைத்தால்
கோபம் வரமாட்டேன் என்கிறது.
ஷிப்ட் முடிய அரைமணி இருக்கையில்
எண்ணிக்கை நிரம்ப
நானும் என்னென்னவோ செய்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று.

படவுக்காரத் தெரு என்று எங்கள் ஆட்கள் சொன்ன தெரு
ஜார்ஜ்டவுனில் இன்னும் இருக்கிறது.
லீவு நாளில் போய், ஒரு கோப்பி ஓ வாங்கி, நின்று யோசித்தேன்:
அவன் மீராக்கனியா, முத்திருளனா?
பெயர் வைக்க எனக்குத் தெரியாதா.
வைக்கவில்லை.
நான் வைத்தால் அதுவும் இன்னொரு கிரேலி.

எனக்கு வேண்டியது வேறு.
அந்தப் பக்கம் முதல் கடைசித் தாள்வரை
விரல் வைத்துத் தேடிவிட்டேன்.
மில்லிசென்ட் தொப்பியைச் சரிசெய்கிறாள்.
கேப்டனுக்கு நன்றி சொல்கிறாள்.
தேநீர் குடிக்கிறாள், இரண்டு முறை.
படகுக் கூலி கொடுத்ததாக எங்கும் இல்லை.

மூன்றாம் பாகத்தில் ஞாபகம் வந்திருக்கலாம்.
எங்கிருந்தாலும் எடுத்துவையுங்கள் என்று
ஜபருல்லாவிடம் சொல்லியிருக்கிறேன்,
விலை பேச மாட்டேன் என்றும்.
ஓவர்டைம் பாக்கி
இந்த மாதமாவது வந்துவிடும்.