பதினேழு சுருள்

முகாம் வெளிக்கிட்ட கிழமை
கோமாரியில் எங்கள் காணிகளைத் திறந்துவிட்டார்கள்.
"கம்பியை ஆரும் கழற்றிக்கொள்ளலாம்,
கட்டையும் உங்களுக்குத்தான்" என்றார் கிராம சேவகர்,
கச்சான் கோதை ஊதியபடி.

ஒரு குறடு. ஒரு சாக்குத் துண்டு.
மகன் சைக்கிளோட்டப் போடுகிற கையுறை,
அது வலக்கைக்கு மட்டும்தான் இருந்தது.

கிட்டப் போய் அன்றைக்குத்தான் பார்த்தேன்:
இரண்டு கம்பி ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருக்க
சாணுக்கு இரண்டு முள்ளு, முள்ளுக்கு நாலு முனை.
எந்தப் பக்கம் நின்றாலும்
ஒன்று நம்மைப் பார்க்கும்.

இதைச் செய்தவன் ஒரு கமக்காரனாம்.
மகள் போனில் வாசித்துக் காட்டினாள்.
அமெரிக்காவில், மரமில்லாத புல்வெளியில்,
வேலி கட்டத் தடியும் இல்லை கல்லும் இல்லையென்று
வீட்டில் கோப்பிக்கொட்டை அரைக்கிற மெசினில்
முள்ளை வளைத்துப் பார்த்தானாம்.
மாட்டை மறிக்கத்தான்.
மாட்டை மட்டும்தான் என்று நினைத்திருப்பான்.

மறுகா
அங்கே எருமைக்குப் பின்னால் திரிந்த சனங்களுக்குத்
திரிய இடமில்லாமல் போயிற்று.
பிசாசின் கயிறு என்றார்களாம் அதை.
மறுகா வெள்ளைக்காரர் பங்கர் வெட்டிச் சண்டை பிடிக்க
பொடியன்கள் அதில் தொங்கினார்கள்
காயப்போட்ட உடுப்பைப் போல.
மறுகா ஆட்களை எண்ணி அடைத்த இடமெல்லாம்.
மறுகா எங்கள் ஊருக்கு, லொறியில்,
சுருள் சுருளாக, ரசீதோடு.

பத்தொன்பது வருசம்
ரோட்டின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்,
என் கிணற்றுக்கு எட்டுப் பாகம் தள்ளி.
என்னுடைய கப்பி கிறீச்சிடுவது எனக்குத் தெரியும்.
ஒரு வருசம் ஆரோ எண்ணெய் போட்டார்கள்,
அதோடு அந்தச் சத்தமும் இல்லை.
காவல் பொடியன் ஒருவன்
சாரத்தைத் தோய்த்துக் கம்பியில் போடுவான்,
எடுக்கையில் எப்போதும் கிழியும்,
எப்போதும் மறந்துபோவான்.

பால்மா டின்னுக்குள் கல் போட்டு
வரிசையாகக் கட்டியிருந்தார்கள்.
காகம் குந்தினாலும் கிலுங்கும்.
முதல் கம்பியை நான் நறுக்கியதும்
அத்தனை டின்னும் ஒரேயடியாய்க் கிலுங்க
முகம் மண்ணில் பட விழுந்து படுத்தேன்.
ஒருவரும் சுடவில்லை.
பக்கத்துக் காணியில் ஆரோ சிரித்தார்கள்.

சுற்றிச் சுற்றிப் பதினேழு சுருள்.
பொத்துவில் இரும்புக்காரன் வேண்டாமென்றுவிட்டான்:
"தூக்க ஆளில்லை, டயரைக் கிழிக்கும்."
கிணற்றடியில் குவித்துவிட்டுக்
கச்சான் போட்டேன், இரண்டு ஏக்கர்.
பூ விழுந்த நேரம்
ஆதம்லெவ்வையின் மாடுகள் வந்தன,
பதினொன்றோ பன்னிரண்டோ.
விடியப் பார்த்தால் தரை மொட்டை.

கட்டையெல்லாம் நான் நாட்டினதுதான்.
தெற்கு எல்லைக் கல்லை அவர்களின் டோசர் கிளப்பிவிட்டிருந்தது.
நினைவை வைத்துக் குழி தோண்டினேன்.
ஒரு முழம் அங்கால் போயிருக்கலாம்,
இரண்டு முழமும் இருக்கலாம்.
பத்தொன்பது வருசம் காத்த நினைவு,
கொஞ்சம் கை தாராளம்.
கம்பியை இழுத்தேன், நாலு வரி.
பழைய ஓட்டைகளில் பழைய ஆணியே பிடித்தது.
டின்னையும் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து
ஆதம்லெவ்வை அந்தப் பக்கம் வந்து நின்றார்.
மாட்டைப் பற்றிப் பறையவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
காலடி வைத்து அளந்தார்,
கம்பி வரைக்கும், திரும்பவும் ஒருமுறை.
"புள்ள,
அந்த வேம்பு எங்கட வாப்பா நட்டது" என்றார்.

வேம்பு என் பக்கத்தில் நின்றது.
குறடு கையில்தான் இருந்தது, கையுறையும்.

"கட்டி முடிச்சாச்சு காக்கா,
இனிக் கிளப்பிக் கட்டக் கம்பி இல்லை,
பதினேழு சுருளும் சரி" என்றேன்.

பொய்.
பதினேழாவது
கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.