கரையில் மூன்றாவது ஆள்

ஏட்டில் அவளுக்கு அதன்பின் ஒரு வரியும் இல்லை.
மடைக்குள் சிக்கிய மரத்தை எடுக்க
மூழ்கியவன் இன்னும் மேலே வரவில்லை.
கரை உடைந்தால் கீழே ஏழு ஊர்.
மூன்றாம் முரசில் பலகையை இறக்க வேண்டும், அரசாணை.
கயிறு பெண்டாட்டி கையில்.
இறக்கினாள்.
எழுதியவன் எழுத்தாணியை அங்கேயே வைத்துவிட்டான்.

பெனடிக்ட் சாருக்கு அது பொறுக்கவில்லை.
"அவளைப் பேச வைப்போம்" என்றார்.
சமாதானபுரத்தில் மூடிக்கிடந்த உரக்கடையில் ஒத்திகை.
குளத்துக்கு நீலத் தார்ப்பாய்,
முரசுக்குப் பெயிண்ட் டின்,
மடைப்பலகைக்கு அந்தக் கடையின் இரும்பு ஷட்டரேதான்.
உள்ளே யூரியா வாடையில்
மாசானமுத்து மூச்சடக்கி உட்கார்ந்திருப்பான்.
நான் இழுத்துவிடுவேன்.

பிறகு ஷட்டரைக் கழற்றிக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு
ஊர் ஊராகப் போனோம்.
போகிற ஊருக்கேற்ப என் வரி மாறியது.
கல்லூரி மேடையில் அரசனைக் கேள்வி கேட்டேன்.
சங்க மாநாட்டில் கோஷம் போட்டேன்.
சென்னை விழாவில்
பதினோரு நிமிடம் ஒன்றும் பேசாமல் நிற்கச் சொன்னார்;
முன்வரிசையில் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார்,
அதையும் சேர்த்துப் பாராட்டி எழுதினார்கள்.
ஏர்வாடியில் ஒருத்தி கூட்டத்திலிருந்து ஓடிவந்து
மேடையேறி ஷட்டரைத் தூக்கப் பார்த்தாள்.
இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.
அந்த ஊரில் மட்டும் எனக்கு வரி மறந்துபோனது.

நாற்பத்தொரு முறை.
ஒவ்வொரு முறையும் மாசானம் எழுந்து
வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டி
"டீ குடிக்கப் போவமா" என்பான்.
அவன் செத்ததை நான் நம்பியதே இல்லை.
நான் இறக்கியதை நம்பினேன்.
இன்றும் வண்ணார்பேட்டையில் ராத்திரி பத்துமணிக்குக்
கடை அடைக்கிற ஒவ்வொரு ஷட்டருக்கும்
என் உள்ளங்கை மூடிக்கொள்ளும்.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள்.
சேரன்மாதேவிக்கு மேலே ஆற்றில் செட்.
கதையை வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது,
எழுதியவன் மண்ணாகி எத்தனை காலம், யாரிடம் வாங்க?
பெனடிக்ட் சாருக்கு ஒரு சால்வை.

ஜங்ஷன் தியேட்டரில் வெள்ளிக்கிழமை மாலைக்காட்சி.
என் வேஷத்துக்கு மும்பையிலிருந்து ஒரு பெண்,
அத்தனை மழையிலும் கலையாத மை.
மூன்றாம் முரசு விழுந்ததும்
என் கை தானாக எழுந்தது.
பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு அக்கா
பாப்கார்ன் உப்போடு என் மணிக்கட்டைப் பிடித்தாள்:
"செத்துருவானோ?"
எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

கயிறு அறுந்தது.
பலகை பாதியில் தொங்கியது.
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தான் கதாநாயகன்,
தோளில் மரத்தோடு.
விசில். கிழித்த காகிதம் பறந்தது.
"அப்பாடி" என்று அக்கா கையை விட்டாள்.

இது பொய், ஏட்டுக்குத் துரோகம்,
ஏழு ஊரும் எப்படித் தப்பியதாம், ஒருத்தர் கேட்டாரா
என்றெல்லாம் பெனடிக்ட் சாரிடம் சொல்ல
வாய்க்குள் அடுக்கிக்கொண்டிருந்தவள்
அழுதுகொண்டிருந்தேன்.
நாற்பத்தொரு முறையில் ஒருமுறைகூட
அவன் தண்ணீரிலிருந்து வந்து நான் பார்த்ததில்லை.

அப்போது கரையைக் காட்டினார்கள், இரண்டே நொடி.
தீவட்டியோடு இடமிருந்து மூன்றாவது ஆள்
மாசானமுத்து.
கூட்டம் முழுக்கக் கைதட்டுகிறது.
அவன் மட்டும் தண்ணீரையே பார்த்து நிற்கிறான்,
உள்ளே இன்னொருத்தன் இருப்பதுபோல.

ராத்திரி போன் போட்டேன்.
"பாத்தேன், மாசானம்."
"நான் நிக்கது தெரிஞ்சுதா?"
"தெரிஞ்சுது. ஏன் நீ மட்டும் கைதட்டல?"
"தட்டத்தான் சொன்னாவ. தீவட்டிய வச்சிக்கிட்டு எப்படித் தட்ட?"
சிரித்தான். கொஞ்சம் பொறுத்து,
"முப்பது டேக்கு, புஷ்பம்.
முப்பது தடவையும் அந்த ஆளு எந்திரிச்சு வந்துட்டான்."

அவன் பக்கம் ஏதோ கடை அடைத்தார்கள்.
அது தரையைத் தொடும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.