மூன்று நிமிட விளக்கு

என் மேசையில் மூன்று பொத்தான்கள்.
பச்சை என்றால் பேசலாம்.
மஞ்சள் என்றால் முடிக்கப் பாருங்கள்.
சிவப்பு என்றால், மன்னிக்கவும்.
பதினான்கு வருடமாக
முதல் செவ்வாயும் மூன்றாம் செவ்வாயும்
ஹார்லன் பே நகரத்தின் பேச்சை
நான்தான் நறுக்குகிறேன்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
சுப்பீரியர் ஏரி கண்ணுக்கெட்டிய மட்டும்
கல்லாகிக் கிடக்கிறது.
உள்ளே ஹீட்டர் இருமுகிறது
(மாற்றும் செலவு: உருப்படி ஒன்பது, மறுபடி ஒத்திவைப்பு).

ஏழு நாற்காலிகளில் ஆறு பேர்.
ஏழாமவர் மீன் பிடிக்கப் போன இடத்தில்
வண்டி பனியில் சிக்கி,
போனிலேயே வாக்களிக்கலாமா என்று கேட்டார்.
விதியில் இடமில்லை.
கோரம் இருக்கிறது. டோரீன் துவோமினென்
சுத்தியலைத் தட்டினார்.

சென்ற கூட்டத்தின் குறிப்பில் ஒரே திருத்தம்:
லவோன் நைகார்டின் பெயரில் ஓர் எழுத்து பிழை.
மூன்றாவது முறை. பிழை என்னுடையது.
அதையும் நானே எழுதிக்கொண்டேன்.

பிறகு, எதிர்ப்பில்லாதவற்றின் பட்டியல்.
சாலை உப்புக்கான பில்,
படகுத்துறை மதுக்கடையின் உரிமம்,
பனிச்சறுக்குப் போட்டிக்குத் தெரு மூடல்,
டாமராக் தெருவில் பேருந்து நிழற்குடை.
எதையாவது பிரித்தெடுக்க வேண்டுமா?
யாரும் வாய் திறக்கவில்லை.
முன்மொழிவு. வழிமொழிவு. ஆறு தொண்டையில் ஒரே 'ஆம்'.
பதினோரு வினாடி.

கோழிச் சட்டத்தின் இரண்டாம் வாசிப்புக்கு நாற்பது நிமிடம்.
வீட்டுக்கு ஆறு பெட்டை, சேவல் கூடாது.
ஒரே ஒரு சேவல் என்று
கெர்மிட் புஷார்ட் திருத்தம் கொண்டுவந்தார்.
வழிமொழிய ஆளில்லை.
பிறந்த வாயிலேயே செத்தது திருத்தம்.
பொழுது எப்படியும் விடிந்துவிடும் என்று
பின்வரிசையில் யாரோ சொன்னதை
நான் குறிப்பில் சேர்க்கவில்லை.

இருபது லட்சம் டாலர், குடிநீர்க் குழாய்க் கடன்:
நான்கு நிமிடம்.
குழாயைப் பற்றி யாருக்கும் அபிப்பிராயம் இல்லை.
கோழியை எல்லோருக்கும் தெரியும்.

பொதுமக்கள் பேசும் நேரம் வந்தபோதுதான்
கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார் ஆர்விட் செலிங்.
தொப்பியில் பனி. மீசையில் பனி.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விடிகாலை வேலை;
ஐந்து பத்துப் பேருந்தை விட்டால் வேறில்லை.
இரண்டு வருடம், பத்தொன்பது கூட்டம்,
நான்காக மடித்த அதே மாதிரித் தாள்.
இன்றைக்குத் தாமதம். பேருந்து வரவில்லை.
திறந்த வெளியில் ஐம்பது நிமிடம் நின்றிருக்கிறார்.

பச்சையை அழுத்தினேன்.
"டாமராக் தெரு முனையில் ஒரு கூரை..."
டோரீன் குறுக்கிட்டார்,
இந்த அறையில் அபூர்வமான மென்மையோடு:
"அது நிறைவேறிவிட்டது, திரு. செலிங்."

"எப்போது?"
"ஏழு மணி ஆறு நிமிடத்துக்கு."
"யார் எதிர்த்தார்கள்?"
"ஒருவரும் இல்லை."
"யார் பேசினார்கள்?"
"ஒருவரும் இல்லை."

தாளைப் பார்த்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது.
வென்றவருக்கு அழுத்த
என்னிடம் பொத்தான் ஏதும் கிடையாது.
"மீதி நேரம் என்னுடையதுதானே?
இருபது தடவை எழுதியதில்
இதுதான் கொஞ்சம் நன்றாக வந்திருக்கிறது."

படித்தார்.
காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது,
பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி
தபால் பெட்டிக்குப் பின்னால் எப்படி ஒதுங்கி நிற்கிறாள்,
ஈர உடுப்பு உடம்பிலேயே எப்படி விறைக்கிறது.
கெர்மிட் போனைக் கவிழ்த்து வைத்தார்.
மஞ்சள். சிவப்பு.
வாக்கியத்தின் பாதியில் நிறுத்தி
எனக்குத் தலையசைத்தார், வழக்கம்போல.

குறிப்பில் எழுதினேன்:
ஆர்விட் செலிங், நிழற்குடை குறித்துப் பேசினார்.
நடவடிக்கை தேவையில்லை.

ஒன்பது பதினான்குக்குக் கலைந்தோம்.
வேலை மே மாதம், தரை இளகிய பிறகு.
வாசலில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
பேருந்து நேரத்துக்கு வராததைப் பற்றிப் பேச
எந்தப் படிவம் என்று.

அதே படிவம்தான்.
இரண்டாகக் கொடுத்தேன்.