சத்தத் தடம்

விசுவமடுச் சந்தியில
உரக்கடைக்கு மேல, தகரத்துக்குக் கீழ
என்ர கொம்பியூட்டர்.
பகலில சூடு. இரவில வெட்டுறன்.
இஞ்ச பத்து மணி எண்டால்
பிரம்டனில மத்தியானம் பன்னிரண்டரை.
வேலைத்தளத்துச் சாப்பாட்டு இடைவேளையில
தவமலர் மாமி குரல்பதிவு போடுவா.
எனக்கு அவ மாமி முறை இல்லை.
காசு அனுப்பிறவை எல்லாரும் மாமிதான்.

அபிசாயினியின்ர சாமத்தியவீடு.
மாமி கேட்டது தேர்.
வவுனியாவில இருந்து லொறியில வந்தது,
ரெஜிபோம் சக்கரம், ரெஜிபோம் குதிரை ரெண்டு,
வழியில ஒண்டுக்குக் காது உடைஞ்சு போச்சு.
பின்னால நிண்டு தள்ளினது நாலு பெடியள்.
அவங்களை வெட்டி எடுத்திட்டன்.
இப்ப தேர் தன்பாட்டில போகுது.

‘இப்பிடி வேணும்’ எண்டு அவ அனுப்பின வீடியோ
ஸ்காபரோ மண்டபமொண்டில எடுத்தது.
மண்டபத்துக்காரர் சென்னைப் படமொண்டைப் பாத்துச் செய்தவை.
சென்னைக்காரர் எதைப் பாத்தவையோ.
நிரோஜன் அதை இஞ்ச
கச்சான் காயப்போட்ட வளவில எடுத்தான்.
மேல இருந்து பாத்தால்
கச்சான் கம்பளம் மாதிரி.
மாமி அதையும் மெச்சினா.

மேல இருந்து.
மணித்தியாலத்துக்கு ஆறாயிரம், சீனாவில செய்த ட்ரோன்.
சின்னனுகள் கை காட்டிக்கொண்டு பின்னால ஓடுதுகள்.
முப்பது தாண்டினவையும் சிரிக்கினம்,
சிரிச்சுச் சிரிச்சு
ஒவ்வொருத்தரா மாமரத்துக்குக் கீழ நகருகினம்.
ஆரும் சொல்லேல்லை.
வெளி காலியாகுது,
நடுவில தேர் மட்டும்.
‘நல்ல ஃபிரேம் அக்கா’ எண்டான் நிரோஜன்.
அந்த வருசம் அவனுக்கு ரெண்டு வயசு.
எனக்குப் பத்து.

பாட்டுப் போட்டு இணையத்தில ஏத்தினன்.
பன்னிரண்டு நிமிசத்தில பதில்:
இந்தப் பாட்டுக்கு ஒரு கொம்பனி உரிமைக்காரர்,
சத்தத்தை மூடிட்டம்.
சரியெண்டு பாட்டைக் கழட்டி
எங்கட நாதஸ்வரத்தைப் பூட்டினன்.
அதையும் மூடிட்டினம்.
ஊதினது தருமபுரத்து நவரத்தினம் அண்ணை.
மூச்சு அவற்றை,
மெட்டு கொம்பனியின்ரையாம்.

நாதஸ்வரத்தையும் கழட்டினன்.

மிச்சம், கீழ்க் கமெரா தானாப் பதிஞ்ச சத்தம்.
ஹெட்போனைக் கொழுவினன்.
இரைச்சல்.
நாங்கள் ‘வண்டு’ எண்டு கூப்பிட்ட சாதி இரைச்சல்.
இதுக்கு உரிமை கேட்டு
ஒரு கொம்பனியும் வரேல்லை.
அதுக்கு அடியில
தேரில பக்கத்தில இருந்த குணநாயகி அக்கா,
மகளின்ர தோளைப் பிடிச்சு அமத்தி,
குனி. குனி பிள்ளை.

அடுத்த செக்கனில நிமிந்து
கமெராவைப் பாத்துச் சிரிக்கிறா,
பல்லில கொஞ்சம் உதட்டுச் சாயம்.

மூண்டு தரம் கேட்டன்.
பிறகு காத்தாடியை நிப்பாட்டிப்போட்டு ஒருக்கா.

இலவசப் புல்லாங்குழல் ஒண்டு கிடக்கு,
ஊதினவரின்ர பேர் இல்லை, ஊரும் இல்லை.
அதைப் போட்டு மூடி அனுப்பினன்.

மாமியின்ர குரல்பதிவு, மைக்ரோவேவ் சத்தத்தோட:
‘நல்ல வடிவு பிள்ளை. ஒண்டு மட்டும்,
அந்த இடத்தில குணம் ஏன் அவளை அமத்திறா?’
மாமி தொண்ணூற்றிமூண்டில போனவ.
சங்கிலி கழண்டு விழுந்தது மாமி,
குனிஞ்சு எடுத்தவை, எண்டன்.
‘ஐயோ, எத்தினை பவுண்?’

மூண்டு செக்கனையும் வெட்டினன்.
அழிக்கேல்லை.
பேர் வைக்காத ஒரு ஃபோல்டரில கிடக்குது,
தேர் தள்ளின பெடியளோட.

அடுத்தது சுவிஸ் கலியாணம்.
மாப்பிளை ஹெலியில வந்து இறங்கிறாராம்.
படத்தைத் திறக்க முதல்
சத்தத்தைக் குறைச்சு வைச்சன்.