மாற்றுப் பெயர்

வியாழன் நாலு மணி. சாட்ஸ்வர்த்தில்
மருந்துக்கடைக்கு மேலே அந்த அறை.
ஸோட்வா என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
என் கேஸ்களைக் கேட்பது அவள் வேலை.

வருகிறவளின் உண்மைப் பெயரைச் சொல்லக்கூடாது.
சவுந்தரி என்று வைத்துக்கொள்வோம் என்றேன்.
சவுந்தரி வாரம் தவறுவதில்லை.
சவுந்தரி அவனிடமே திரும்பிப் போகிறாள்.
சவுந்தரிக்கு என் சொந்த நம்பரைக் கொடுத்திருக்கிறேன்,
நடுநிசியில் கூப்பிட்டாலும் எடுக்கிறேன்.

மின்வெட்டு. விசிறி தயங்கித் தயங்கி நின்றது.
கீழே டாக்ஸிகளின் ஹாரன்.
ஸோட்வா பேனாவை மூடினாள்:
"எத்தனையோ பெயர் இருக்க, ஏன் இது?"

ஏதோ வாய்க்கு வந்தது என்றேன்.
அவள் மறுக்கவில்லை, காத்திருந்தாள்,
நான் மற்றவர்களுக்குக் காத்திருப்பேனே, அப்படி.
இந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தாங்குவது
இவ்வளவு கடினமா?

என் அக்கா. டொங்காட்டில் இருந்தாள்.
எண்பத்தொன்பதில் ஓர் இரவு
போன் அடித்துக்கொண்டே இருந்தது.
எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

தண்ணீர் குடித்தேன்.
குறிப்பேட்டில் அந்தப் பெயரை அடிக்கப் போனேன்.
"அடிக்காதே. அடுத்த வியாழன்
இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூட்டி வா."

படியிறங்கும்போது பையில் போன் அதிர்ந்தது.
மணி ஐந்து பத்து.
கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி
எண்ணிக்கொண்டிருந்தேன், எத்தனை முறை என்று.