ஆறிப்போன வறுவல்

இருபத்தோரு பந்தயம். நவம்பரும் போயிற்று.
மால்மெடியில் மழை. காகித ஆலையின் சங்கு.
சமையலறை மேசையில் கோடு போட்ட என் நோட்டு.
ஞாயிறுதோறும் பத்துக்கு எவ்வளவு என்று
எழுதி வந்ததைக் கூட்டிப் பார்க்கிறேன்:
இருநூற்றுப் பத்துக்குத் தொண்ணூற்று நான்கு.
எங்கள் ஊர்ப் பள்ளியில் இதற்குப் பெயர் ஃபெயில்.

ஹோல்கர் ஸ்ட்ராண்ட் பதினான்கு முறை வென்றான்.
அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை,
குறையே அதுதான்.
முதல் வளைவில் முன்னே போவான்.
அப்புறம் தபால்காரர் தெருவைக் கடப்பதுபோல்
சுற்றுக்குச் சுற்று அதே நேரம், அதே கோடு.
ரேடியோவில் குரல் வரும்: "டயர் நலம்."
நலமறிய ஆவல் என்று
எங்களை ஒரு வார்த்தை கேட்டானா?

மே மாதத்துக்கு இரண்டு போட்டிருக்கிறேன்,
அதுவும் ஆலங்கட்டி மழைக்கு.
ஜூலையில் பதினோரு சுற்று
பாதுகாப்பு கார் முன்னால் போக, மற்றவை
பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசையில் பின்னால்.
பட்டம் செப்டம்பரிலேயே முடிவாகிவிட்டது.
மிச்சம் ஐந்து பந்தயம்
பந்தி எழுந்தபின் நீளும் கல்யாணப் பேச்சு.

மாடி வீட்டு ஓடீல் ரன்சொனேக்கு
என் மதிப்பெண்ணில் நம்பிக்கை கிடையாது.
அவள் கணக்கு வேறு.
காகிதக் கூம்பில் உருளைக்கிழங்கு வறுவல்,
மேலே மயோனைஸ், ஆளுக்கு ஒன்று வாங்கி வருவாள்.
பந்தயம் முடியும்போது கூம்பில்
எத்தனை துண்டு ஆறிக் கிடக்கிறது?
அதுதான் பந்தயத்தின் தரம்.
இந்த வருஷம் பெரும்பாலும்
மூன்றாம் சுற்றிலேயே கூம்பு காலி.
பிறகு விரல் நுனியை நக்கிக்கொண்டே
என் தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றி விசாரிப்பாள்.

ஆனால் ஆகஸ்ட்.
எங்கள் காட்டுப் பாதையில், கம்பி வேலியோரம்,
கணுக்கால் வரை சேற்றில் நின்றோம்.
துவார்த்தே வரேலா, கடைசி அணி, பழைய இன்ஜின்,
கியர் நான்கில் சிக்கிக்கொண்டது.
பார்க்க வேண்டியதில்லை, கேட்டாலே தெரியும்:
மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே சுருதி,
தொண்டை கட்டியவன் முனகுவதுபோல்.
தூறலில் காய்ந்த சாலைக்கான டயர் வேறு.
பின்னால் ஆறு கார்கள்.
பதினோராம் இடம். அதற்குப் புள்ளி கிடையாது.
பெரிய திரையில் ஸ்ட்ராண்ட் தனியாகப் போய்க்கொண்டிருந்தான்.

ஒன்பது சுற்று விடவில்லை.
உள்ளே வந்தவனுக்கு வெளியை மூடினான்,
வெளியே வந்தவனைப் புல்லுக்கு அனுப்பினான்,
ஒருமுறை பக்கவாட்டில் வழுக்கி
எங்களையே நேராகப் பார்த்தான்.
"போ! போ!" என்று யாரோ கத்தினார்கள்.
நான்தான் என்று ஓடீல் பிற்பாடு சொன்னாள்.

கடைசிச் சுற்று மரங்களுக்கு அப்பால் நடந்தது.
ஆறு கார்களில் ஒன்று முதலில் வந்தது.
அப்புறம் அந்த ஒற்றைச் சுருதி.
பன்னிரண்டு. மறுநாள் நாளிதழில்
எட்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.

ஓடீலின் கையில் கூம்பு நிறைய வறுவல்.
மழை குடித்து ஊறிப்போய்,
மயோனைஸ் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.
ஒன்பது போட்டேன்.
"அந்த ஒன்று எங்கே?" என்றாள்.
ஐந்தாவது கியருக்கு வைத்திருக்கிறேன் என்றேன்.

அந்த ஒன்பதைக் கழித்தால் எண்பத்தைந்து.
கழித்துப் பார்த்துவிட்டு மறுபடி சேர்த்தேன்.

சந்தாவை நிறுத்திவிட்டதாக
இரவு ஷிப்டில் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.
மார்ச்சில் அடுத்த ஆட்டம் தொடங்குகிறது.
ஓடீல் படியிலிருந்து இப்போதே கேட்கிறாள்:
சின்னக் கூம்பா, பெரியதா?
சின்னது போதும் என்கிறேன்.
பெரியதுதான் வாங்கி வருவாள்.