ஐந்நூறு எழுத்துக்குள்

நாளை மூன்று மணிக்குக் கதவு மூடும்.
கதவு என்பது திரையில் ஒரு பச்சைப் பொத்தான்.
மூன்று மணி ஒரு நிமிடத்தில் அது சாம்பல் நிறமாகிவிடும்,
அவ்வளவுதான், இனி அடுத்த ஆண்டு.

அந்தோஃபகாஸ்தாவில்,
ரயில் பட்டறைக்குப் பின்னால் வாடகைக் கொட்டகையில்
யாஸ்னா நுண்ணுயிர் வளர்க்கிறாள்.
செம்புச் சுரங்கம் துப்பிய சேற்றுநீரில்
ஆர்சனிக்கைத் தின்று உயிர்வாழும் வகை.
நான் கணக்கு எழுதுகிறவன்.
எனக்கு உயிரியல் தெரியாது,
அவளுக்கு ஒரு ரசீதைப் பத்திரப்படுத்தத் தெரியாது.
இப்படித்தான் நாங்கள் ஒரு நிறுவனம்.

அரசு மானியம் நூற்றுக்கு எழுபத்தைந்து.
மிச்சம் எங்கள் பங்கு.
ஒவிதியோ தன் லாரியை எழுதித் தந்தான்.
அதன் மதிப்பை நான் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

புதுமை யாது? ஐந்நூறு எழுத்துக்குள் விளக்குக.
இடைவெளியும் எழுத்தாகவே கொள்ளப்படும்.
ஆறு ஆண்டுகளை அவள் சொல்லச் சொல்ல
நான் வெட்டிக்கொண்டே வந்தேன்.
அடைமொழிகள் முதலில் போயின,
பிறகு எல்லாம் செத்துப்போன இரண்டு கோடைகள்,
பிறகு 'மெதுவாக' என்ற சொல்.
அதற்கு மட்டும் அவள் சண்டை போட்டாள்.

பதினெட்டாம் மாதம் எத்தனை பேருக்கு வேலை?
எந்த நாட்டுக்கு ஏற்றுமதி?
கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள்.
இவர்களோ கடப்பாரை எடுக்கும் முன்பே
பூதத்தின் உயரத்தைக் கேட்கிறார்கள்,
சென்டிமீட்டரில்.

உரக்கத் திட்டினேன்.
குடுவையை ஆட்டிக்கொண்டே யாஸ்னா சொன்னாள்:
"கேட்கட்டும், எவாரிஸ்தோ. ஊரார் வரிப்பணம்.
கலாமா ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை
இந்தக் காசுக்கு, தெரியுமா?"

சற்றுநேரம் கழித்து
லாரியின் மதிப்பைத் திருத்தினேன்.
பங்கில் துண்டு விழுந்தது.
ஏன் என்று அவள் கேட்கவில்லை,
தன் நுண்ணோக்கியைப் பட்டியலில் சேர்த்தாள்.

கடைசிக் கேள்வி:
திட்டம் தோற்றால் என்ன மிஞ்சும்?
என்னை நகரச் சொல்லிவிட்டு அவளே தட்டினாள்:
நாற்பத்தொரு குடுவை.
ஒவ்வொன்றிலும் எது பலிக்கவில்லை என்ற குறிப்பு.
அடுத்து வருபவர் எங்கள் முதல் தவறிலிருந்து தொடங்கவேண்டாம்,
நாற்பத்திரண்டாவதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினோம்.
ஒரு எண் வந்தது. அதைக் கையில் எழுதிக்கொண்டேன்,
குளித்ததில் போய்விட்டது.

நான்கு மாதம் கழித்துக் கடிதம்:
தகுதி உண்டு, நிதி இல்லை.
காத்திருப்போர் வரிசையில் இரண்டாமிடம்.
மதிப்பெண் தாளும் இணைத்திருந்தார்கள்.
சந்தைக்குப் பத்துக்கு மூன்று.
கடைசிக் கேள்விக்குப் பத்துக்குப் பத்து,
பக்கத்தில் யாரோ பெயர் இல்லாத ஒருவர்:
'குறிப்புகளைத் தொலைத்துவிடாதீர்கள்.'

யாஸ்னா அதை இரண்டு முறை படித்தாள்.
பிறகு, ஞாயிற்றுக்கிழமை அவற்றுக்குத் தீனி வைக்க
யார் போவது என்று கேட்டாள்.

நான் போனேன்.
எத்தனை சொட்டு என்று தெரியவில்லை,
போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன்.